வருஷா வருஷம் கேஸ் போடுகிறீர்களா? வீட்டு ஏ.சி.யில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஏப்ரலில் எங்கள் திருவான்மியூர் அபார்ட்மென்ட்டின் இரண்டாம் மாடித் தம்பி கதவைத் தட்டினார். கையில் ஒரு பில். "அங்கிள், ஏ.சி.க்கு மறுபடியும் கேஸ் போடணுமாம். இது மூணாவது வருஷம். ரேட் சரியான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

ரேட் சரிதான். மூன்று வருஷமாக ஏன் போட வேண்டியிருக்கிறது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 2011இல் முதல் ஏ.சி. வாங்கிய நானும் இதே பில்லை நான்கு வருஷம் பேசாமல் கட்டியவன்தான்.

நான் மெக்கானிக் இல்லை, கணக்கு எழுதிப் பிழைத்தவன். அந்த நான்கு வருஷத்துக்குப் பிறகு ஏ.சி.க்கென்று ஒரு நோட்டுப் போட்டேன். ஃபில்டர் கழுவிய தேதி, கரண்ட் பில் யூனிட், வந்த மெக்கானிக் எதைக் கழற்றினார், எதை மாட்டினார் எல்லாம் அதில் இருக்கும். அதனால் பிளாக்கில் யார் வீட்டு ஏ.சி. சொட்டினாலும் எங்கள் வீட்டு பெல் அடிக்கிறது.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஏ.சி. போடாதீர்கள் என்கிற ரகத்தை எல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் செய்கிறோம்.

ஃபில்டரை சர்வீஸ்காரருக்கு விட்டுவைப்பது

சர்வீஸ்காரர் வருவது வருஷத்துக்கு இரண்டு தடவை. கோடையில் ஃபில்டரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும். மெயின் ரோட்டைப் பார்த்த வீடு என்றால் வாரம் ஒருமுறை. வெறும் தூசி தண்ணீரில் போய்விடும். நம் வீடுகளில் தூசி தனியாக வருவதில்லை. சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திப் புகை, சமையலறைத் தாளிப்பு எண்ணெய் எல்லாம் சேர்ந்து பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு, தூசி படிந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் விட வேண்டும். முன்பக்கம் விட்டால் அழுக்கு வலைக்குள்ளேயே போய் உட்காரும்.

காயவைப்பது நிழலில். ஒரு மே மாதம் நான் மொட்டை மாடியில் காயவைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் இரண்டு ஃபில்டரும் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தன. எப்படி மாட்டினாலும் ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி. அந்த இடைவெளி வழியாகத் தூசி நேரே பின்னால் இருக்கும் காயிலுக்கு, அதாவது காற்றைக் குளிரவைக்கும் குழாய் வரிசைக்குப் போனது.

கேஸ் டாப்-அப்

இதைத்தான் எழுத உட்கார்ந்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வரும்.

ஏ.சி.க்குள் இருக்கும் கேஸ், சமையல் சிலிண்டர் கேஸ் மாதிரி எரிந்து தீராது. காப்பர் பைப்புக்குள் அடைபட்டுக் கிடக்கும். அறைக்குள் இருக்கும் காயிலில் ஆவியாகிச் சூட்டை வாங்கிக்கொள்ளும், வெளியே போய்த் திரவமாகிச் சூட்டை விட்டுவிடும், மறுபடி உள்ளே வரும். சுற்றிச் சுற்றி அதே கேஸ்தான். பைப் ஒழுகாதவரை பத்து வருஷம் ஆனாலும் குறையாது. வீட்டு ஃப்ரிட்ஜிலும் இதே வேலைதான் நடக்கிறது. ஃப்ரிட்ஜுக்கு யாராவது வருஷா வருஷம் கேஸ் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

ஆகவே ஒருவர் "கேஸ் கம்மியா இருக்கு சார்" என்றால், ஒன்று எங்கேயோ ஓட்டை இருக்கிறது, இல்லையா, கேஸ் குறையவே இல்லை.

ஓட்டை என் கதை. ஆர்22 கேஸ் போட்ட ஒன்றரை டன் ஸ்ப்ளிட். சர்வீஸ் கம்பெனிப் பையன் ஏப்ரல் தோறும் வருவார். அவுட்டோர் யூனிட்டில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டுவார், முள்ளைக் காட்டுவார், இருபது நிமிஷம் கேஸ் ஏற்றுவார். "இனிமே ஐஸ் மாதிரி இருக்கும் சார்" என்பார். இருக்கும், ஆகஸ்ட் வரை. மூன்று வருஷம் 2,500 ரூபாய், நான்காம் வருஷம் 3,000. மொத்தம் 10,500 ரூபாய், நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இருக்கிறது.

ஐந்தாம் வருஷம் அந்தப் பையன் ஊருக்குப் போயிருந்தார். புரசைவாக்கத்திலிருந்து வயதான மெக்கானிக் ஒருவர் வந்தார். கேஜை அவர் பையிலிருந்து எடுக்கவே இல்லை. இண்டோர் யூனிட்டுக்குப் பின்னால் பைப் சேரும் இடத்தில் டேப்பைப் பிரித்தார், உள்ளே விரலை விட்டுத் தடவி என்னிடம் நீட்டினார். விரல் நுனியில் கருப்பாக எண்ணெய் மினுமினுத்தது. "கேஸ் தனியாப் போகாது சார். கம்ப்ரஸர் ஆயிலையும் கொஞ்சம் கூட்டிக்கிட்டுத்தான் போகும். அதுல தூசி ஒட்டிக்கும்" என்றார். ஏ.சி.யை அணைக்கச் சொன்னார், சோப்பு நுரையை அந்த நட்டின் மேல் வைத்தார். அரை நிமிஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு குமிழ், கடுகளவு. அது உடைந்து இன்னொன்று.

பைப்பின் வாயைப் பூ மாதிரி விரித்து நட்டுப் போட்டு இறுக்குவார்கள், அதற்கு ஃப்ளேர் என்று பெயர். முதல்நாள் மாட்டியவர் ஸ்பானரில் பலத்தைக் காட்டியிருக்கிறார். விரித்த இடத்தில் முடி மாதிரி ஒரு விரிசல். ஒரு அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி விரித்து மாட்டினார். கூலி 600 ரூபாய். அன்றைக்குப் போட்ட கேஸ்தான் அந்த ஏ.சி.க்குக் கடைசி. 2019இல் எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் வரை அது குறையவில்லை.

10,500 ரூபாயோடு போகவில்லை. சுற்றி வரும் கேஸ்தான், அதை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸர் மோட்டாரையும் குளிர வைக்கிறது. கேஸ் குறைந்தால் மோட்டார் சூட்டிலேயே ஓடும், ஆயிலும் சரியாகத் திரும்பி வராது. ஆறு மாதம் அப்படி ஓடவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கம்ப்ரஸர் மாற்றியவர்களைக் கேளுங்கள்.

கேஸே குறையாதது தம்பியின் கதை. அவருடையது இன்வர்ட்டர் ஏ.சி., ஆர்32 கேஸ். பில்லை மேஜையில் வைத்துவிட்டு அவரோடு போய் முன்பக்க மூடியைத் திறந்தேன். ஃபில்டர் கம்பளி போர்த்தியிருந்தது. அதற்குப் பின்னால் காயிலின் மெல்லிய தகடுகளான ஃபின் இருக்கும் இடமே தெரியவில்லை. காற்று புகாத காயில் சூட்டை வாங்காது, குளிர்ந்து ஐஸ் கட்டும், கேஜ் முள் கீழே படுத்துக்கொள்ளும். கேஸ் குறைந்தாலும் முள் அப்படியேதான் படுக்கும். போதாக்குறைக்கு, இன்வர்ட்டரில் கம்ப்ரஸர் வேகம் மாற மாற முள்ளும் மாறும். அதை மட்டும் பார்த்து இன்வர்ட்டர் ஏ.சி.க்குக் கேஸ் அளவு சொல்ல முடியாது. மூன்று வருஷமாக நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

காயிலைக் கழுவியதும் அறை குளிர்ந்தது, மத்தியான வெயிலில் மட்டும் எரர் காட்டி நின்றது. அதிகக் கேஸ். கடைசியில் எல்லாவற்றையும் காலி சிலிண்டரில் வெளியே எடுத்தார்கள். எடை மெஷினில் 980 கிராம் வந்தது. அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கரில் போட்டிருந்தது 780.

இப்போதெல்லாம் யாராவது கேஸ் என்றால் நான் முதலில் ஃபில்டரையும் காயிலையும் கழுவிவிட்டு அப்புறம் கேஜ் மாட்டச் சொல்கிறேன். அதற்குப் பிறகும் கம்மி என்றால், எங்கே ஒழுகுகிறது என்று காட்டச் சொல்கிறேன். நான்கு ஃப்ளேர் நட்டிலும் சோப்பு நுரை வைத்துத் தெரியவில்லை என்றால், நைட்ரஜன் ஏற்றிச் சில மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நைட்ரஜன்தான். சில பேர் வெல்டிங்குக்குக் கொண்டுவந்த ஆக்ஸிஜனையே ஏற்றப் பார்ப்பார்கள். உள்ளே ஆயில் இருக்கிறது, ஆக்ஸிஜன் சேர்ந்தால் வெடிக்கும். அப்படி யாராவது ஆரம்பித்தால் கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஒழுகலை அடைத்த பிறகு வாக்யூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் எடுக்க வேண்டும். கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றை விரட்டுவது வாக்யூம் ஆகாது. அதற்கப்புறம் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்கில், எடை மெஷினில் வைத்துக் கேஸ்.

ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கும் ரகம். சில ஏ.சி.களில் இருக்கும் ஆர்290 சாட்சாத் புரொப்பேன், நன்றாகவே பிடிக்கும். ஆகவே வேலை நடக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் பீடி வேண்டாம்.

இன்னொன்று. ஃப்ளேர் எல்லாம் சரியாக இருந்தும் ஒழுகினால் காயிலையே சந்தேகப்படுங்கள், அதுவும் புது இன்டீரியர் செய்த அறை என்றால். புது ப்ளைவுட்டும் பசையும் விடும் அமில ஆவி, ஈரத்தோடு சேர்ந்து காப்பரை உள்ளுக்குள் எறும்புப் புற்று மாதிரி அரிக்கும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. அதை ஒட்டவைத்துப் பிரயோஜனமில்லை, காயிலை மாற்றத்தான் வேண்டும். வாரன்ட்டி கார்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது அப்போது உதவும்.

அவுட்டோர் யூனிட்டைப் போர்த்தி வைப்பது

வெயில் படாமல் இருக்கட்டும் என்று பால்கனியில் பெட்டி அடித்து மூடுகிறார்கள். அது சூட்டை வெளியே தள்ளும் மெஷின். தள்ளிய சூட்டையே திரும்ப உறிஞ்சினால் எப்படிக் குளிரும்? மேலே நிழல் போதும், முன்னால் திறந்திருக்க வேண்டும்.

போர் தண்ணீரில் கழுவுவது

கடலோரத்தில் உப்புக்காற்று ஒரு பக்கம் அவுட்டோர் ஃபின்னைத் தின்கிறது. விரலால் தொட்டால் விபூதி மாதிரி உதிரும் யூனிட்டுகளை எங்கள் தெருவிலேயே காட்டுவேன். அதன் மேல் உப்புப் போர் தண்ணீரை வேறு அடிக்கிறார்கள். மாதம் ஒருமுறை, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மெட்ரோ வாட்டர் ஒரு பக்கெட் மக்கில் எடுத்து மெதுவாக ஊற்றினால் போதும். கை எட்டும் இடத்தில் இருந்தால் மட்டும். பால்கனிக்கு வெளியே தொங்கிச் செய்கிற வேலை இல்லை அது. ஜெட் பம்ப்பைக் கிட்டத்தில் வைத்து அடித்தால் ஃபின் மடங்கிக் காற்றுப் போகும் வழி அடைந்துவிடும்.

டிரெயின் பைப் முனையைப் பக்கெட்டில் முக்குவது

சத்தம் வராது என்று முக்கினேன். தண்ணீர் பைப் வாயை மூடியதும் உள்ளே காற்று அடைத்துக்கொண்டது. ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலில் சொட்டியது. முனை தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும்.

அந்தத் தண்ணீரை இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவது

கூடாது. செடிக்கு ஊற்றுங்கள்.

சீக்கிரம் குளிரட்டும் என்று 16 வைப்பது

16 வைத்தாலும் 24 வைத்தாலும் அறை 24க்கு வர ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகும். 2020 ஜனவரியிலிருந்து இந்தியாவில் விற்கும் ஏ.சி. எல்லாம் ஆன் செய்ததும் 24இல் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது அரசுக் கணக்கு. இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டும்போது பில் எப்படித் துள்ளும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மே மாதம் சர்வீஸுக்குக் கூப்பிடுவது

கத்திரி வெயிலில் வருகிறவருக்கு அன்றைக்கு இன்னும் ஏழெட்டு வீடு பாக்கி இருக்கும். பிப்ரவரியில் கூப்பிடுங்கள். காபி குடித்துவிட்டுக் காயிலைக் கழுவுவார்.

வெள்ளம் வடிந்ததும் போட்டுப் பார்ப்பது

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் என் மச்சான் வீட்டு அவுட்டோர் யூனிட் பாதி முழுகியது. மூன்று நாள் கழித்து வெளியே எல்லாம் காய்ந்திருந்தது. "ஓடுதான்னு பாக்கலாம் மாமா" என்று ரிமோட்டை அழுத்தினார். உள்ளே போர்டில் சேறு ஈரமாகவே இருந்திருக்கிறது. டப் என்று ஒரு சத்தம். மெயினைப் போடுவதற்கு முன் எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்திருந்தால் போர்டு பிழைத்திருக்கலாம்.

இந்த ஏப்ரலில் இரண்டாம் மாடித் தம்பி கதவைத் தட்டவில்லை. படியில் பார்த்தபோது நானே கேட்டேன். "ஏ.சி. சூப்பரா இருக்கு அங்கிள். நோட்டும் போட்டுட்டேன். பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா ஃபில்டரைக் கழுவிடறேன்" என்றார். சந்தோஷமாக இருந்தது. துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். மத்தியானம் ஒரு மணி வெயிலில், தண்ணீர்த் தொட்டி மேல் அவருடைய இரண்டு ஃபில்டரும் காய்ந்துகொண்டிருந்தன.