பென்னாகரத்திலிருந்து ஜூபாவுக்கு: போக நினைக்கும் நர்ஸ்களுக்கு

போன வாரம் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் என் ஜூனியர் ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எனக்கு கல்ஃப் வேண்டாம். நீங்க போன மாதிரி ஆப்பிரிக்கா பக்கம் போகணும். அதுக்கு என்ன படிக்கணும்?" பென்னாகரம் பஸ் கிளம்புவதற்குள் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

புதிதாக எதுவும் படிக்க வேண்டாம். நர்சிங் கவுன்சில் பதிவு நடப்பில் இருக்க வேண்டும். படிப்பு முடிந்தபின் குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். நான் தெற்கு சூடானுக்கு (அதன் தலைநகர்தான் ஜூபா) போனது எம்.எஸ்.எஃப். என்கிற எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு வழியாக. 1971-ல் பாரிஸில் தொடங்கியது, டெல்லியில் அலுவலகம் இருக்கிறது. அவர்களின் இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். டிக்கெட், விசா, காப்பீடு எல்லாம் அவர்கள் செலவு. எனக்கு ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சத்துக்கு "சீட்" வாங்கித் தருவதாகச் சொன்னார். இந்த வேலைக்கு யாராவது பணம் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். பெரிய சம்பளமும் எதிர்பார்க்காதீர்கள். வீட்டுக்கடன் அடைக்க வேண்டியிருந்தால் கல்ஃப்தான் சரி.

எந்த மாதிரி அனுபவம் என்பதில்தான் நம் பிள்ளைகள் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ஓசூரிலோ பெங்களூரிலோ ஐ.சி.யூ.வில் ஐந்து வருடம் இருந்தால்தான் எடுப்பார்கள் என்று நினைப்பு. நான் போன இடத்தில் வென்டிலேட்டரே கிடையாது. அஞ்செட்டி, சித்தேரி மாதிரி மலைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு வருடம் இருந்தவளுக்குத்தான் அங்கே கை ஓடும். தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் காப்பாற்றி ஊருக்குள் தூக்கிக்கொண்டு நடந்திருப்பாள். டாக்டர் இல்லாத ராத்திரியில் பிரசவம் பார்த்திருப்பாள். பாம்புக்கடி வந்தால் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து, உறைகிறதா என்று பார்த்திருப்பாள். இதையெல்லாம் 'சாதாரண வேலை' என்று விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டுவிடாதீர்கள். என் இன்டர்வியூவில் பாதி நேரம் இதைப் பற்றித்தான் பேச்சு. மீதி நேரம், இரண்டு பேர் டூட்டிக்கு வரவில்லை, மருந்தும் பத்தவில்லை, என்ன செய்வாய் என்கிற கேள்விகள். நம் ஊரில் அது வாரத்துக்கு ஒருமுறை நடக்கிறதுதானே!

ஆங்கிலம் பேசிப் பழகுங்கள், இலக்கணம் தப்பினாலும் பரவாயில்லை. பிரெஞ்சு தெரிந்தால் சாட், காங்கோ, நைஜர் பக்கமும் வாய்ப்பு உண்டு. தெற்கு சூடானுக்கு ஆங்கிலம் போதும். நோயாளிகளிடம் பேச மொழிபெயர்ப்பாளர் இருப்பார். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். போட்டு பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும், கடைசி நேரத்தில் ஓடாதீர்கள்.

கிளம்புவதற்கு முன் எம்.எஸ்.எஃப். அமைப்பின் மருத்துவ வழிகாட்டியைப் படித்துவிடுங்கள், இணையத்தில் இலவசம். கைச்சுற்றளவு நாடாவைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தத் தெரிய வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு மேல்கைச் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அங்கே போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம் நான் பண்ண இருந்த தப்புதான். வயிற்றுப்போக்கோடு ஒரு குழந்தை வந்தது. கண் உள்ளே போயிருந்தது, தோலைக் கிள்ளினால் அப்படியே நின்றது. நம் ஊர்ப் பழக்கத்தில் கை நேராக ட்ரிப் ஸ்டாண்டுக்குப் போனது. அந்த ஊர் நர்ஸ் ஒருவர், என் அப்பா வயதிருக்கும், சத்தமில்லாமல் என் கையைப் பிடித்து நிறுத்தினார். குழந்தையின் கையில் நாடாவைச் சுற்றிக் காட்டினார். சிவப்பு, அதாவது 115-க்குக் கீழே. ஊட்டச்சத்துக் குறைந்து மெலிந்த குழந்தைக்குக் கண்ணையும் தோலையும் மட்டும் பார்த்து நீர் வற்றியதாக முடிவுகட்ட முடியாது. அதன் இதயம் அவ்வளவு திரவத்தைத் தாங்காது. ஷாக்கில் இல்லாதவரை ட்ரிப் வேண்டாம். சோடியம் குறைந்த தனிக் கரைசலை வாய்வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, மூச்சையும் நாடியையும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். ராத்திரி பூரா எண்ணினேன். காலையில் குழந்தை அழுதது, கணீரென்று.

அப்புறம் ஒன்று. அங்கே நீங்கள் பெரும்பாலும் ஊசி போடப் போவதில்லை. சூப்பர்வைசர் வேலைதான்: டூட்டி போடுவது, ஸ்டாக் எண்ணுவது, உள்ளூர் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. வந்த புதிதில் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் அதிகம். மேட்ரன் தோரணையோடு போனால் ஒரு மாதம்கூட ஓட்ட முடியாது.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். அங்கே சோள மாவில் அசிதா என்று கிளறுகிறார்கள், அசல் நம் களிதான். வெண்டைக்காய்க் குழம்போடு வைத்ததும் நான் உருட்டி முழுங்கியதைப் பார்த்து சமையல்கார அம்மா சிரித்தார்.

பெட்டியில் நெற்றி விளக்கு, விநாடி முள் உள்ள கைக்கடிகாரம், மழைக்கால சேற்றுக்குத் தாங்கும் செருப்பு. புளிக்காய்ச்சல் கட்டாயம். அதைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் வாங்கிப் போட்டுவிடுவார்கள். நான் அப்படித்தான் ஒரு பாட்டிலை இழந்தேன், அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.