பட்ஜெட் ஓவர்கிளாக் கணினிக்கு ரேம்: பணமும் வேகமும் வீணாகும் இடங்கள்

நான் முதன்முதலாகப் பாகம் பாகமாக வாங்கிக் கோத்த கணினியில் 3200 வேக டிடிஆர்4 ரேம் போட்டிருந்தேன். எட்டு மாதம் கழித்து வேறு எதற்கோ டாஸ்க் மேனேஜரைத் திறந்தபோதுதான், அது 2133-இல் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். ரேமில் ஒரு குறையும் இல்லை. பயாஸில் (கணினி எழும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமின் வேகமான அமைப்பை, நான் ஆன் செய்யவே இல்லை, அவ்வளவுதான்.

ஓவர்கிளாக்குக்கென்று விற்கும் ரேமின் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது ஓவர்கிளாக் வேகம், அதாவது பொதுத் தரத்துக்கு மேல் ஏற்றிய வேகம். செருகியதும் அது ஜெடெக் என்ற அந்தப் பொதுத் தரத்தின் வேகத்தில்தான் எழும்: டிடிஆர்4 என்றால் பெரும்பாலும் 2133 முதல் 2666 வரை, டிடிஆர்5 என்றால் 4800 அல்லது 5600. அதற்கு மேல் போக பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது அதன் ஏஎம்டி வடிவமான எக்ஸ்போவை நாம்தான் ஆன் செய்ய வேண்டும். செய்த பிறகு வேகம் காட்டும் சிபியு-இசட் செயலி 1600 என்று காட்டினால் பதற வேண்டாம். டிடிஆர் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு அனுப்பும், ஆகவே அது 3200தான்.

ஆன் செய்தாலும் மதர்போர்டு விட வேண்டுமே! பட்ஜெட் கணினிகளில் பணம் அதிகம் வீணாவது இங்கேதான். இன்டெல் பி460 போர்டில் 10ஆம் தலைமுறை ஐ5 பிராசசரைப் போட்டால், எந்த ரேம் வாங்கினாலும் 2666-ஐத் தாண்டாது. எச்610 போர்டில் டிடிஆர்4 3600 போட்டாலும் 3200-லேயே நிற்கும். பி560, பி660, பி760 போர்டுகள் ரேமை ஓவர்கிளாக் செய்ய விடும், ஆனால் பிராசசரின் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கியைத் தொட விடாது. இரண்டும் வேண்டுமென்றால் இசட் வரிசை போர்டும், கே எழுத்துள்ள பிராசசரும் தேவை. ஏஎம்டியில் பி450, பி550, பி650 எல்லாமே இரண்டுக்கும் இடம் கொடுக்கும். குறைந்த பணத்தில் ஓவர்கிளாக் ஆசை உள்ளவர்கள் அந்தப் பக்கம் சாய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முதலில் போர்டு, அதற்கேற்ற ரேம் என்று போவதே சரி.

அடுத்தது, வேகத்தை மட்டும் பார்த்து சிஎல் எண்ணை (கேட்ட தரவைத் தர ரேம் எடுக்கும் துடிப்புகள்) பார்க்காமல் விடுவது. கணக்கு எளிது: சிஎல்லை 2000-ஆல் பெருக்கி, வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ நொடியில் கிடைக்கும். 3200 சிஎல்16-க்கு 10 நானோ நொடி. 3600 சிஎல்18-க்கும் அதே 10. டிடிஆர்5 6000 சிஎல்30-க்கும் 10தான்! அதே 6000 சிஎல்40 என்றால் 13.3 ஆகிவிடும். வேகம் கூடும்போது ஒரு நொடியில் போகும் தரவின் அளவு கூடுகிறது, அது உண்மை. ஆனால் சிஎல்லும் சேர்ந்து ஏறினால் முதல் பைட் வந்து சேரும் நேரம் குறைவதில்லை. விலை மலிந்த 6000 கிட் (ஒன்றாக விற்கும் ரேம் ஜோடி) கண்ணில் பட்டால், சிஎல்லைப் பார்த்துவிட்டு மகிழுங்கள்.

வேகத்தைக் கண்டபடி ஏற்றுவதிலும் ஒரு பொறி உண்டு. ஏஎம்டியின் ரைசன் 3000, 5000 வரிசைகளில் ரேமும், அதை இயக்கும் மெமரி கன்ட்ரோலரும், பிராசசரின் பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கும் ஒரே தாளத்தில் ஓடினால்தான் பலன். பெரும்பாலான சிப்களில் அந்தத் தாளம் 1800 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும், அதாவது 3600 ரேம். அதைத் தாண்டி 4400 வாங்கினால் கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கி, தாமதம் ஏறிவிடும். கூடுதல் பணம் கொடுத்து கேமில் ஃப்ரேம் இழப்பது இப்படித்தான். ரைசன் 7000-க்கு 6000 நல்ல இலக்கு.

இரண்டு ரேம் வாங்குவதற்குப் பதில் "இப்போது ஒன்று, அப்புறம் இன்னொன்று" என்று நினைப்பதும் வழக்கம். ஒற்றை ரேமில் ஒரு சேனல் (ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான பாதை) சும்மா கிடக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸை நம்பினால் அடி பலமாக விழும், ஏனென்றால் அதற்கும் இதே ரேம்தான் தீனி. பின்னால் வாங்கும் ரேமிலோ, பெயரும் மாடலும் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சிப் வேறாக இருக்கலாம். ஒன்று 3600-ஐத் தாங்கும், மற்றது தாங்காது. கிட்டாகவே வாங்குங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். மேனுவலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு ஸ்லாட்டையும் நிரப்பும் ஆசை டிடிஆர்5-க்கு ஆகாது. ரைசன் 7000-இல் இரண்டு ரேமுக்கு ஏஎம்டி தரும் அதிகாரபூர்வ வேகம் 5200, நான்கு போட்டால் 3600. டிடிஆர்5-இல் 8 ஜிபி ரேமும் வேண்டாம். அதில் சிப்கள் குறைவு, பேங்க் குழுக்களும் (சிப்புக்குள் தரவைப் பிரித்து வைக்கும் பகுதிகள்) பாதிதான். அதனால் அதே வேகம் எழுதியிருந்தாலும் 16 ஜிபி ரேமைவிடப் பின்தங்கும்.

ஆர்ஜிபி விளக்குக்குக் கொடுக்கும் பணத்தில் சிஎல் நல்லதாகக் கிடைக்கும் என்பது என் கட்சி. ரேமின் மேலுள்ள உயரமான உலோக உறை (ஹீட் ஸ்ப்ரெடர்) டவர் கூலரின் விசிறியில் இடிக்கும், அளவைப் பார்த்து வாங்குங்கள்.

எக்ஸ்போ ஆன் செய்த முதல் தடவை டிடிஆர்5 கணினி சில நிமிடம் கறுப்புத் திரையோடு நிற்கும். அது மெமரி ட்ரெய்னிங், அதாவது ரேமுக்கு ஒத்துவரும் அமைப்பைக் கணினி தேடும் வேலை. பயந்துபோய் பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்துதான். வேகம் நிலைக்கவில்லையே என்று மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றவும் வேண்டாம். 2023-இல் சில ரைசன் 7000 பிராசசர்கள் கருகிய பிறகு அதற்கு 1.3 வோல்ட் என்று ஏஎம்டி வரம்பு போட்டது. பயாஸைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸை நிறுவும் முன்பே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ஒரு படி வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். தள்ளாடும் ரேம் எப்போதும் நீலத் திரை காட்டி எச்சரிப்பதில்லை. பல நாள் சத்தமில்லாமல் கோப்புகளைக் கெடுத்துக்கொண்டிருக்கும், நாமோ பழியை ஹார்டு டிஸ்க் மேல் போட்டுக்கொண்டிருப்போம்.