விளம்பரமும் மருத்துவக் காப்பீடும்: மலையில் சிறுதொழில் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் ஹோம்ஸ்டே, பேக்கரி, சாக்லேட் கடை, டீத்தூள் கடை நடத்துபவர்களுக்கு வருஷ வருமானத்தில் பெரும்பங்கு ஏப்ரலிலும் மே மாதத்திலும்தான் வருகிறது. அதற்கு முன்பே இரண்டு செலவுகளைச் செய்தாக வேண்டும். ஒன்று ஆன்லைன் விளம்பரம், இன்னொன்று வேலை செய்பவர்களின் மருத்துவக் காப்பீடு. இரண்டிலும் பணத்தைக் கட்டியதோடு வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். ஆனால் இடம், பெயர், தேதி இந்த மூன்றில் ஒன்று தவறாகப் பதிவாகியிருந்தால் கட்டிய பணம் தேவையான நாளில் உதவாது.

மேப்பில் ‘பின்’ தவறான இடத்தில்

கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடை விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில், இடத்தைக் குறிக்கும் பின்னைக் கட்டடத்தின் கூரை மேல் குத்துவது சமவெளியில் சரி. மலையில் அது ஆளைச் சுற்றவிடும். நேர்கோட்டில் 300 மீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே சாலை வழியாக நாலு கிலோமீட்டர் இருக்கலாம். உங்கள் கட்டடத்துக்குப் பின்புறம், ஒரு தட்டு மேலே எஸ்டேட் சாலை ஓடினால் மேப் அந்தச் சாலைக்கே வண்டியைக் கொண்டுபோகும். இரவு எட்டு மணிக்குப் பனிமூட்டத்தில் பூட்டிய எஸ்டேட் கேட் முன்னால் குழந்தைகளோடு நிற்கும் குடும்பம் உங்களுக்கு என்ன ரிவ்யூ எழுதும் என்று சொல்லத் தேவையில்லை. வண்டி திரும்பி உள்ளே வரும் நுழைவாயிலில் பின்னை வையுங்கள். பிறகு வேறொருவர் போனை வாங்கி, மேட்டுப்பாளையம் பக்கமிருந்தும் கூடலூர் பக்கமிருந்தும் வழி போட்டுப் பாருங்கள். கொடைக்கானல் என்றால் வத்தலக்குண்டு பக்கமிருந்தும் பழனி பக்கமிருந்தும் பாருங்கள். கதவு எண் இல்லாத முகவரிகள் மலையில் ஏராளம். மேப்பில் வரும் பிளஸ் கோடை (இடத்தைக் குறிக்கும் சிறு குறியீட்டை) எடுத்து முன்பதிவுச் செய்தியிலேயே அனுப்பிவிடுவது நல்லது.

கடைப் பெயரோடு ‘பெஸ்ட் ஹோம்மேட் சாக்லேட் ஊட்டி மொத்தம் சில்லறை’ என்று நீட்டி எழுதுவது அடுத்த தவறு. போர்டில் என்ன பெயரோ அதுதான் புரொஃபைலிலும் இருக்க வேண்டும். சொற்களைத் திணித்தால் கூகுள் புரொஃபைலை முடக்கலாம், அதுவும் சீசன் நடுவில் நடந்தால் மீட்பதற்குள் மே மாதம் முடிந்துவிடும். தள்ளுபடி கொடுத்து ரிவ்யூ வாங்குவதும் விதிமீறல்.

புரொஃபைல் யார் கையில் இருக்கிறது என்பதை இன்றே பாருங்கள். பல கடைகளில் அதை முதலில் தொடங்கியவர் சீசனுக்கு வேலைக்கு வந்த ஒரு பையன், அல்லது விளம்பர ஏஜென்சி. அவருடைய மெயில், அவருடைய சிம். அவர் போனபின் நேரத்தை மாற்றவோ போன் நம்பரைத் திருத்தவோ வழி இருக்காது. முதன்மை உரிமையாளர் உங்கள் மெயிலாகவும், ஏஜென்சி மேனேஜராகவும் இருக்கட்டும். ஃபேஸ்புக் பக்கம், இன்ஸ்டாகிராம், விளம்பரக் கணக்கு எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடுதான்.

விளம்பரப் பணம் கரையும் இடங்கள்

கூகுள் விளம்பரத்தில் இடம் தேர்வு செய்யும்போது, அந்த ஊரில் இருப்பவர்களோடு, அந்த ஊர் மீது ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்க்கும் அமைப்பே இயல்பாக இருக்கும். குன்னூர் பேக்கரிக்கு ஹோம் டெலிவரி விளம்பரம் கொடுக்கிறவர் இதை மாற்றாவிட்டால், சென்னையில் உட்கார்ந்து குன்னூரைத் தேடுபவருக்கும் கேக் விளம்பரம் போகும். ஹோம்ஸ்டேக்கு இது தலைகீழ். உங்கள் வாடிக்கையாளர் சென்னையிலும் கோவையிலும் பெங்களூருவிலும் இருக்கிறார். அந்த நகரங்களையே இலக்காக வைத்து ‘ஊட்டி ஹோம்ஸ்டே’ போன்ற சொற்களுக்கு விளம்பரம் கொடுக்க வேண்டும்.

விலக்க வேண்டிய சொற்களை, அதாவது யாராவது தேடினால் நம் விளம்பரம் வரக்கூடாத சொற்களை, சேர்க்காமல் விடுவதால் வீணாகும் பணம் கொஞ்சமில்லை. ‘வேலை’, ‘லீசுக்கு’, ‘விற்பனைக்கு’, ‘லைசென்ஸ்’ ஆகியவற்றை முதல் நாளே விலக்குங்கள். ஹோம்ஸ்டே விலைக்கு வாங்க நினைப்பவர் அழுத்தும் ஒவ்வொரு கிளிக்குக்கும் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். வாரம் ஒருமுறை ‘தேடல் சொற்கள்’ அறிக்கையைத் திறந்து பார்த்தால் இன்னும் பத்து சொல் அகப்படும்.

தினசரி பட்ஜெட் 300 ரூபாய் என்று போட்டால் தினம் 300 தான் போகும் என்று எண்ணாதீர்கள். ஒரு நாளில் இரண்டு மடங்கு, அதாவது 600 ரூபாய் வரை கூகுள் செலவழிக்கலாம். மாதக் கணக்கில்தான் 30.4 மடங்கு, அதாவது 9,120 ரூபாய் என்ற வரம்பு. கையில் 3,000 ரூபாயை வைத்துக்கொண்டு ‘பத்து நாள் ஓட்டலாம்’ என்று கணக்குப் போட்டால் ஆறாம் நாளே பணம் தீர்ந்திருக்கலாம்.

குடும்பங்கள் மே மாதப் பயணத்தை மார்ச்சிலேயே முடிவு செய்கின்றன. நம்மவர்கள் மே முதல் வாரத்தில் விளம்பரத்தைத் தொடங்கி, அறைகள் நிரம்பிய பிறகும் ஓடவிடுகிறார்கள். மார்ச்சில் தொடங்குங்கள், நிரம்பிய தேதிகளுக்கு நிறுத்துங்கள்.

இ-பாஸ், அதாவது வண்டிக்கான ஆன்லைன் அனுமதிச் சீட்டு, பற்றிச் சொல்லாமல் விடுவது மலைக்கே உரிய தவறு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்து வர வேண்டியதாயிற்று. 2025 சீசனில் எண்ணிக்கை வரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அறைக்குப் பணம் கட்டியவர் பாஸ் கிடைக்காமல் திரும்பினால் சண்டை உங்களோடுதான். வாட்ஸ்அப் பிசினஸ் தானியங்கி பதிலில் இ-பாஸ் விவரத்தைச் சேருங்கள். மைசூர் வழியாக வருபவர்களுக்கு, பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதையும் எழுதுங்கள். சீசனில் குன்னூர் வழி ஏற்றம், கோத்தகிரி வழி இறக்கம் என்று ஒருவழிப் பாதை அறிவித்தால் அன்றே அந்தச் செய்தியைத் திருத்துங்கள்.

பொருள் விற்பவர்களுக்கு ஒன்று. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. வெளியூர் பூண்டை அந்தப் பெயரில் ஆன்லைனில் விற்பது சட்டப்படி குற்றம், மேல்மலைக் கிராமத்து விவசாயியின் வயிற்றிலும் அடிக்கிறது. நறுக்கி உருட்டிய சாதாரண சிடிசி டீத்தூளுக்கு, இலையைச் சுருட்டிச் செய்யும் ‘நீலகிரி ஆர்த்தடாக்ஸ்’ டீயின் பெயரைப் போடுவதும் அப்படித்தான்.

காப்பீடு: ‘எல்லோரிடமும் அட்டை இருக்கிறதே’

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை நம்பி, வேலை செய்பவர்களுக்கு எதுவும் எடுக்காமல் இருப்பவர்கள் அதிகம். அந்தத் திட்டம் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு. மாதம் 14,000 சம்பளம் கொடுத்தாலே ஆண்டுக்கு 1,68,000 ஆகிவிடுகிறது. சரியான சம்பளம் கொடுக்கும் முதலாளி, தன் ஆட்கள் அந்த அட்டைக்குத் தகுதி தாண்டியவர்கள் என்பதை உணர வேண்டும். மேலும் அது ஆஸ்பத்திரிச் செலவுக்கானது. படுத்திருக்கும் நாட்களுக்குச் சம்பளம் தராது.

10 பேர் ஆனதும் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, வந்துவிடுகிறது. ‘எங்கள் ஆட்கள் ஏழு பேர்தான், மீதி சீசன் ஆட்கள்’ என்று சொல்வதுதான் இங்கே மிகப் பெரிய தவறு. சீசன் ஆள், தினக்கூலி, காண்ட்ராக்டர் அனுப்பும் ஹவுஸ்கீப்பிங் ஆள், 21,000-க்கு மேல் வாங்கும் மேனேஜர், எல்லோருமே எண்ணிக்கையில் சேர்வார்கள். மே மாதம் ஒரு நாள் 10 பேரைத் தொட்டால் போதும். ஒருமுறை உள்ளே வந்த பிறகு ஜூலையில் ஆறு பேராகக் குறைந்தாலும் கட்டியே ஆக வேண்டும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குக் கட்ட வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 வரை. முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. 14,000 சம்பளத்துக்கு 455-ம் 105-ம், ஆக 560 ரூபாய். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பில், அடிப்படைச் சம்பளத்தோடு தரும் படிகள் (அலவன்ஸ்) மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் சம்பளமாகவே கணக்கிடப்படும். ஆகவே அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டும் பழைய வழக்கம் இனி செல்லாது.

சீசன் ஆட்களைப் பதியாமல் விடுபவர்கள், ‘இரண்டு மாதத்தில் அவர்களுக்கு என்ன கிடைத்துவிடப் போகிறது’ என்கிறார்கள். பாதி உண்மை. நோய்க்கால உதவித்தொகை, அதாவது சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை, பெறுவதற்கு ஆறு மாதக் கட்டணக் காலத்தில் 78 நாள் கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் தேதி சேர்ந்து ஜூன் 9-ஆம் தேதி போகிறவருக்கு 70 நாள்தான் வரும். ஆனால் வைத்தியம் சேர்ந்த நாள் முதல் உண்டு. வேலையில் அடிபட்டால் 90 சதவீதச் சம்பளத்துக்கு எத்தனை நாள் கட்டினார் என்ற கேள்வியே இல்லை. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி, வழுக்கும் படி, அடுப்புக்குப் பக்கத்தில் கேஸ் சிலிண்டர் இவற்றோடு மல்லுக்கட்டும் சீசன் சமையல்காரருக்கு இதுதான் முக்கியம். சேர்ந்த அன்றே பதியுங்கள். விபத்து நடந்த பிறகு அவசரமாகப் பதிவதை அதிகாரிகள் தேதியை வைத்தே கண்டுபிடிப்பார்கள்.

பதியும்போது மருந்தகம் தேர்வு செய்யும் இடத்தில் அவசரப்படாதீர்கள். வேலை ஊட்டியில், குடும்பம் கூடலூரில் என்றால் குடும்பத்துக்குத் தனியாக வேறு மருந்தகம் தேர்வு செய்யலாம். ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்களுக்கும் இப்படியே. மனைவி, குழந்தைகள், பெற்றோர் பெயரைச் சேர்க்காமல் விட்டால் அட்டை அவர்களுக்குப் பயன்படாது.

10 பேருக்குக் குறைவாக இருந்தால்

குழு மருத்துவ பாலிசி பொதுவாக 7 பேரிலிருந்து கிடைக்கும். விலை கேட்கும்போது வரியோடு கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. குழு பாலிசிக்கு 18 சதவீதம் தொடர்கிறது. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குத் தனி பாலிசியில் 36 மாதம் வரை காத்திருக்க வைக்கலாம், குழு பாலிசியில் முதல் நாளிலிருந்தே சேர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்கலாம். வயதான ஆட்கள் இருந்தால் 18 சதவீதத்தைவிட இது பெரிது. பிரீமியத்தைப் பணமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகக் கட்டினால்தான் வருமான வரியில் செலவாகக் காட்டலாம்.

பிரீமியம் குறைவாக இருக்கும் பாலிசியில் அறை வாடகை வரம்பு ஒளிந்திருக்கும். 3 லட்சம் பாலிசியில் 1 சதவீதம் என்றால் நாளுக்கு 3,000. உங்கள் ஆள் 6,000 ரூபாய் அறையில் நாலு நாள் படுக்கிறார் என்று வையுங்கள். அறை 24,000-க்கு 12,000 தான் வரும். அதோடு நிற்காது. டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் 60,000 ஆகியிருந்தால் அதிலும் பாதியாக 30,000 தான் வரும், ஏனென்றால் அந்தக் கட்டணங்களும் அறை வகுப்பைப் பொறுத்து ஏறுபவை. மருந்து, பரிசோதனை 40,000 முழுதாக வரும். 1,24,000 பில்லில் 42,000 ரூபாயை அந்தக் குடும்பம் கடன் வாங்கிக் கட்ட வேண்டும். அறை வாடகை வரம்பு இல்லாத பாலிசியோ, இல்லையென்றால் ‘3,000-க்குள் அறை’ என்று ஆளுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பதோ, இரண்டில் ஒன்று கட்டாயம் வேண்டும்.

பாலிசி கொடுக்கும் ஆஸ்பத்திரிப் பட்டியலில் ‘தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கணக்கில்’ என்ற வரியைப் பார்த்து மயங்காதீர்கள். ஊட்டியில் எத்தனை, குன்னூரில் எத்தனை, மேட்டுப்பாளையத்தில் எத்தனை என்று பெயரோடு கேளுங்கள். கொடைக்கானல் என்றால் வத்தலக்குண்டு, தேனி, திண்டுக்கல். மழையில் மண் சரிந்து மலைப்பாதை மூடினால் கோவை ஆஸ்பத்திரி பட்டியலில் இருந்தும் பயனில்லை. ஆம்புலன்ஸ் வரம்பையும் பாருங்கள். சில ஆயிரம் ரூபாய் வரம்பு ஊருக்குள் ஓட்டத்துக்குப் போதும், கோவைக்கோ மதுரைக்கோ இறங்கப் போதாமல் போகலாம்.

பெயர்க் குழப்பம் சின்னதாகத் தெரியும். ஆதாரில் ‘செல்வி எம்’, பாலிசியில் ‘எம். செல்வி’, ஆஸ்பத்திரியில் அப்பா பெயரை விரித்து எழுதிய இன்னொரு செல்வி. பிறந்த தேதியும் மாறியிருந்தால் அனுமதி நின்றுவிடும். ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிய பட்டியலை அனுப்பாமல், ஆதாரில் உள்ள எழுத்தை அப்படியே எக்செலில் ஏற்றி அனுப்புங்கள். நடுவில் புதிதாகச் சேரும் ஆளைச் சேர்த்ததற்கான எண்டார்ஸ்மென்ட் (காப்பீட்டு நிறுவனம் தரும் திருத்தச் சான்று) கைக்கு வரும்வரை அவர் காப்பீட்டில் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விலகியவரை நீக்கச் சொன்னால் மீதி பிரீமியம் திரும்ப வரும், பலர் கேட்பதே இல்லை.

ஆஸ்பத்திரி பில்லைக் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் பதில் சொல்ல வேண்டும் என்று 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருக்கிறது. தாமதித்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாளை ஒட்டுங்கள். பாலிசி எண், உதவி எண், பகலில் போக வேண்டிய ஆஸ்பத்திரி, இரவில் போக வேண்டிய ஆஸ்பத்திரி, 108, ஒவ்வொருவரின் இ.எஸ்.ஐ. எண். அதே தாளில் உங்கள் இடத்தின் பிளஸ் கோடையும் எழுதுங்கள். ஆம்புலன்ஸ்காரர் ‘எந்த வளைவு?’ என்று கேட்கும்போது, அன்று கடையில் இருப்பது நேற்று சேர்ந்த பையனாகக்கூட இருக்கலாம்.