ஜாக் ரஸ்ஸல் வளர்க்கப் போகிறீர்களா? முதலில் மோரி மூடியைப் பாருங்கள்

வண்ணாரப்பேட்டையில் எங்கள் சந்தில் பட்டாணியை, அதாவது எங்கள் ஜாக் ரஸ்ஸல் டெரியர் நாயை, தெரியாதவர்கள் இல்லை. வெள்ளை உடம்பு, இரண்டு காதிலும் பழுப்புத் திட்டு, எடை 6 கிலோ. பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சின்ன நாய்தானே, ஒரு மூலையில் கிடக்குமில்லையா?" கிடக்காது.

முதல் படி: இது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

டெரியர் என்ற பெயரின் வேர், மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல். இங்கிலாந்தில் ஜான் ரஸ்ஸல் என்பவர், பாதிரியார் ஆவதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் படித்த காலத்தில், 1819-இல், ஒரு பால்காரரிடம் வெள்ளைப் பெண் நாய் ஒன்றை வாங்கினார். அதன் பெயர் டிரம்ப். (சிரிக்காதீர்கள், நிஜம்தான்.) அதிலிருந்து தொடங்கியதுதான் இந்த இனம். வளைக்குள் ஒளிந்த நரியின் பின்னாலேயே நுழைந்து, குரைத்தே வெளியே துரத்துவது இதன் வேலை. நரியைக் கொல்லக் கூடாது. ஆக, தோண்டுவதும் குரைப்பதும் இதற்குக் கெட்ட பழக்கமல்ல, பரம்பரைத் தொழில். உயரம் 25 முதல் 30 செ.மீ. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 13 வருஷத்துக்கு மேல் இருக்கும்.

இரண்டாம் படி: வீட்டைத் தயார் செய்யுங்கள்

மோரித் துவாரம், கேட்டின் அடி இடுக்கு, மாடிச் சுவரை ஒட்டிய பழைய நாற்காலி. நாய் நழுவி வெளியேறும் இந்த மூன்று வழிகளையும் அது வருவதற்கு முன்பே சரிசெய்யுங்கள். அப்புறம் உடைந்த சிமெண்ட் தொட்டி ஒன்றில் மணல் கொட்டி மாடியில் வையுங்கள். தோண்ட அதற்கென்று ஓர் இடம் வேண்டும்; இல்லாவிட்டால் உங்கள் துளசி மாடம்தான்.

மூன்றாம் படி: ஊசி, அதோடு "விடு"

நம் பக்கம் நரி ஏது? பெருச்சாளி இருக்கிறது. போன மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, மாமியார் கோலம் போட வாசலுக்குப் போனால், பட்டாணி அரை முழப் பெருச்சாளியைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்துவிட்டு வாலாட்டுகிறது. எங்களுக்குச் சிரிப்பு வந்தது. மருத்துவருக்கு வரவில்லை. எலிச் சிறுநீர் கலந்த மழைத்தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். அது நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும், மனிதர்களுக்கும் தொற்றும். அதனால் வெறிநோய் ஊசி, மற்ற குட்டி ஊசிகளோடு எலிக்காய்ச்சல் ஊசியையும் நீங்களே கேட்டுப் போடுங்கள்: 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு முறை, பிறகு வருஷத்துக்கு ஒன்று.

அக்கம்பக்கத்தில் யாராவது எலி மருந்து வைத்திருப்பார்கள். அதைத் தின்ற எலியை நாய் தின்றால் உள்ளே ரத்தம் கசியும், உயிருக்கே ஆபத்து. அதற்குத்தான் "விடு". வேகவைத்த கோழித் துண்டை மூடிய கைக்குள் வைத்து நீட்டுங்கள். நக்கும், பிறாண்டும், திட்டும். பேசாமல் இருங்கள். மூக்கைப் பின்னுக்கு இழுத்த அந்த நொடியில் "விடு" என்று சொல்லி, மறுகையிலிருந்து வேறு துண்டு கொடுங்கள். தினமும் பத்து நிமிஷம் போதும். கையில் பழகியதும் தரையில், பிறகு தெருவில். எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது.

நான்காம் படி: தினசரி வேலை

காலை ஆறரைக்குள் ஒரு நடை, இருட்டியதும் ஒரு நடை. கிளம்பும் முன் புறங்கையைத் தார் ரோட்டில் வைத்து ஏழு எண்ணுங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். கயிற்றை எங்கேயும் அவிழ்க்காதீர்கள். பூனையைக் கண்டால் ஷேர் ஆட்டோ கண்ணில் படாது. தான் சின்ன நாய் என்பதும் இதற்குத் தெரியாது, தெருநாய் கூட்டத்தையே வம்புக்கு இழுக்கும். மழை நாளில் பழைய கோணிக்குள் தீனியைச் சுருட்டிக் கொடுத்தால், மோந்து தேடிக் களைத்துவிடும்.

முடி குட்டைதான், வாரம் ஒருமுறை சீவினால் போதும். ஆனால் உண்ணியைத் தினமும் தேடுங்கள், காதுக்குள்ளும் விரலிடுக்கிலும். உண்ணிக்காய்ச்சல் வந்தால் நாய் சாப்பாட்டை வெறுக்கும், ஈறு வெளுக்கும். உடனே வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்குங்கள். காசிமேட்டு மீன் கொடுக்கலாம், முள் எடுத்து வேகவைத்து. வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது.

கடைசியாக மாநகராட்சி உரிமம். வெறிநோய் ஊசிச் சான்றிதழும் நாயின் போட்டோவும் வேண்டும். பட்டாணி அசையாமல் நிற்க நாற்பது நிமிஷம் ஆனது. கோழித் துண்டை போனுக்கு மேலே பிடித்துக்கொண்டு எடுங்கள்.