உபுண்டுவில் ஸ்னாப் ஃபயர்பாக்ஸை நீக்கி, டெப் பேக்கேஜை நிறுவுவது எப்படி?

உபுண்டு 22.04 தொடங்கி ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் பேக்கேஜாகத்தான் கூடவே வருகிறது. ஸ்னாப் என்பது மென்பொருளை நிறுவும் ஒரு தனி முறை. உபுண்டுவின் வழக்கமான முறை ஆப்ட்; அது நிறுவும் பேக்கேஜ் வகைதான் டெப். என் கணினியில் எல்லா மென்பொருளும் ஆப்ட் வழியாகவே அப்டேட் ஆக வேண்டும் என்பது என் விருப்பம். அதனால் டெப் பேக்கேஜுக்கு மாறினேன். முதல் முயற்சியில் ஸ்னாப்பை நீக்கிவிட்டு ஆப்டில் இன்ஸ்டால் கொடுத்தேன். திரும்பவும் ஸ்னாப்பே வந்து நின்றது. திறந்து பார்த்தால் பல வருடங்களாகச் சேர்த்த புக்மார்க் ஒன்றுகூட இல்லை. கடைசியில் எல்லாம் கிடைத்துவிட்டது. உங்களுக்கு அந்தப் பதற்றம் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கட்டளைகளைத் தமிழில் ஒலித்தபடி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

முதல் படி: எந்த வழியாக வந்தது என்று பாருங்கள்

ஃபயர்பாக்ஸின் முகவரிப் பட்டையில் 'அபவுட்:சப்போர்ட்' என்று அடியுங்கள். வரும் பக்கத்தில் ப்ரொஃபைல் டைரக்டரி என்று ஒரு வரி இருக்கும். ப்ரொஃபைல் என்பது உங்கள் புக்மார்க், கடவுச்சொல் எல்லாம் இருக்கும் ஃபோல்டர். அந்தப் பாதையில் 'ஸ்னாப்' என்ற சொல் இருந்தால் அது ஸ்னாப். புள்ளியோடு தொடங்கும் 'வார்' என்ற ஃபோல்டருக்குள் இருந்தால் ஃப்ளாட்பேக் என்ற இன்னொரு முறை. இரண்டும் இல்லை என்றால் பெரும்பாலும் டெப். எந்த வழியில் வந்ததோ அதே வழியில்தான் நீக்க முடியும். ஸ்னாப்பாக வந்ததை ஆப்டிடம் நீக்கச் சொல்லிப் பயனில்லை.

இரண்டாம் படி: மொசில்லாவின் களஞ்சியத்தைச் சேருங்கள்

களஞ்சியம் என்பது ஆப்ட் பேக்கேஜ்களை இறக்கும் இணைய இடம். 2024 ஜனவரியில், ஃபயர்பாக்ஸ் 122 வெளியானபோது, ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா, தன் ஆப்ட் களஞ்சியத்தில் வழக்கமான பதிப்பையும் தரத் தொடங்கியது. அதன் சாவியை (பேக்கேஜ் அசல்தானா என்று ஆப்ட் சரிபார்க்க உதவும் ஃபைல்) இறக்கும் கட்டளையும் களஞ்சியத்தைச் சேர்க்கும் கட்டளையும் மொசில்லாவின் உதவிப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கிருந்தே காப்பி செய்து ஒட்டுங்கள். கையால் தட்டினால் ஓர் எழுத்து மாறினாலும் வேலை செய்யாது.

மூன்றாம் படி: நான் தடுக்கி விழுந்த இடம்

களஞ்சியத்தைச் சேர்த்த பிறகும் ஆப்ட் உபுண்டுவின் பேக்கேஜைத்தான் எடுக்கும். உபுண்டு களஞ்சியத்தில் 'ஃபயர்பாக்ஸ்' என்ற பெயரில் ஒரு டெப் இருக்கிறது. அது வெறும் பாலம். நிறுவினால் ஸ்னாப்பைக் கொண்டுவந்து விட்டுவிடும். அதன் பதிப்பு எண்ணுக்கு முன்னால் '1' போட்டு ஒரு முக்காற்புள்ளி வைத்திருக்கிறார்கள். முக்காற்புள்ளிக்கு முன்னால் இருக்கும் எண்ணைத்தான் ஆப்ட் முதலில் ஒப்பிடும். மொசில்லாவின் பேக்கேஜில் அப்படி எண் இல்லாததால் அது பூஜ்யமாகிவிடுகிறது. 122 ஆனாலும் 140 ஆனாலும் பாலம்தான் புதியது என்று ஆப்ட் முடிவு செய்துவிடும்.

இதற்கு மருந்து பின்னிங், அதாவது எந்தக் களஞ்சியத்துக்கு முன்னுரிமை என்று ஆப்டிடம் சொல்லி வைப்பது. 'இடிசி' ஃபோல்டருக்குள் 'ஆப்ட்', அதற்குள் 'ப்ரிஃபரன்சஸ்.டி'. அங்கே மொசில்லா என்ற பெயரில் ஒரு ஃபைலை உருவாக்கி மூன்று வரிகள் எழுத வேண்டும்: எல்லாப் பேக்கேஜுக்கும், மொசில்லா களஞ்சியத்திலிருந்து வந்தால், முன்னுரிமை 1000. இந்த மூன்று வரிகளும் அதே உதவிப் பக்கத்தில் உண்டு. வழக்கமான முன்னுரிமை 500. 1000 கொடுத்தால், எண் சிறிதாக இருந்தாலும் அதையே ஆப்ட் எடுக்கும். நான் இந்த ஃபைலைத் தேவையில்லாதது என்று நினைத்துத் தாண்டிப் போனேன்.

அப்புறம் 'சூடோ ஆப்ட் அப்டேட்', அதன்பின் 'ஆப்ட் பாலிசி ஃபயர்பாக்ஸ்'. கேண்டிடேட் என்ற வரியைப் பாருங்கள். ஆப்ட் நிறுவப்போகும் பதிப்பு அதில் இருக்கும். அதில் 'ஸ்னாப்' என்ற சொல் இருந்தால் பின்னிங் வேலை செய்யவில்லை. அங்கேயே நிறுத்திவிட்டுப் போய் ஃபைலைச் சரிபாருங்கள்.

நான்காம் படி: நிறுவுங்கள், பழையதை இன்னும் தொடாதீர்கள்

'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஃபயர்பாக்ஸ்'. பதிப்பைக் கீழிறக்குவதாக ஒரு அறிவிப்பு வரலாம். மேலே சொன்ன முக்காற்புள்ளிதான் காரணம், தைரியமாக ஒய் கொடுங்கள். புதியது திறந்து இணையப் பக்கம் ஒன்று வரும்வரை பழைய பிரவுசரை நீக்கக் கூடாது. சிக்கல் வந்தால் தீர்வு தேட ஒரு பிரவுசர் வேண்டும் அல்லவா?

ஐந்தாம் படி: ப்ரொஃபைலை மாற்றுங்கள்

ஹோம் ஃபோல்டரில் 'ஸ்னாப்', 'ஃபயர்பாக்ஸ்', 'காமன்' என்று உள்ளே போங்கள். முதலில் பார்க்கும்போது அங்கே ஒன்றும் தெரியாது. கன்ட்ரோலோடு எச் அழுத்தினால் மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். அங்கே மொசில்லா, அதற்குள் ஃபயர்பாக்ஸ், அதற்குள் குழப்பமான எழுத்துகளும் 'டிஃபால்ட்' என்ற சொல்லும் சேர்ந்த பெயரில் ஒரு ஃபோல்டர். அதுதான் உங்கள் ப்ரொஃபைல். இரண்டு ஃபயர்பாக்ஸையும் மூடிவிட்டு அதை முழுசாக வேறோர் இடத்துக்கு காப்பி செய்யுங்கள். தனித்தனி ஃபைலாக எடுக்காதீர்கள். கடவுச்சொற்கள் ஒரு ஃபைலிலும் அவற்றைத் திறக்கும் சாவி இன்னொரு ஃபைலிலும் இருக்கின்றன. ஒன்று விட்டுப்போனால் மற்றது வீண். காப்பி செய்ததைப் புதிய ஃபயர்பாக்ஸுக்குக் காட்டும் வழி பிற்சேர்க்கையில் இருக்கிறது.

ஆறாம் படி: நீக்குங்கள்

'சூடோ ஸ்னாப் ரிமூவ் ஃபயர்பாக்ஸ்'. இணையத்தில் பலர் கூடவே பர்ஜ் (தரவையும் சேர்த்து அழிக்கச் சொல்லும் சொல்) சேர்க்கச் சொல்வார்கள். நான் சேர்க்க மாட்டேன். பர்ஜ் இல்லாமல் நீக்கினால் ஸ்னாப் உங்கள் தரவை ஒரு நகலெடுத்து 31 நாள் வைத்திருக்கும். 'ஸ்னாப் சேவ்ட்' என்று கேட்டால் அதன் எண்ணைச் சொல்லும். ஸ்னாப்பைத் திரும்ப நிறுவி, 'ஸ்னாப் ரிஸ்டோர்' என்பதோடு அந்த எண்ணைக் கொடுத்தால் எல்லாம் திரும்பிவிடும். என் புக்மார்க்குகள் அப்படித்தான் கிடைத்தன. ஆப்டிலும் பர்ஜ் உண்டு, அது வேறு. அது கணினிக்குப் பொதுவான அமைப்புகளை மட்டும் அழிக்கும், ஹோம் ஃபோல்டரைத் தொடாது.

பிற்சேர்க்கை: ப்ரொஃபைலை காப்பி செய்தும் ஃபயர்பாக்ஸ் வெறுமையாகவே திறக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஃபயர்பாக்ஸ் 67 முதல் ஒவ்வொரு நிறுவலுக்கும் தனி ப்ரொஃபைல். எனவே 'அபவுட்:ப்ரொஃபைல்ஸ்' பக்கத்தில் புதிய ப்ரொஃபைல் உருவாக்கி, ஃபோல்டரைத் தேர்ந்தெடு என்ற இடத்தில் நீங்கள் காப்பி செய்ததைக் காட்டுங்கள். பிறகு அதையே இயல்பானதாக அமைத்துவிட்டு ஃபயர்பாக்ஸை மூடித் திறங்கள். இதைச் செய்த பிறகு இருவருக்கும் சரியாகிவிட்டது.