காரில் தெறித்த ஸ்ப்ரே பெயின்ட்டை எடுக்க

கேட்டுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தபோது பக்கத்தில் நின்ற காரிலும் தூறலாகப் படிந்துவிட்டதா? தயவுசெய்து தின்னரைத் தொடாதீர்கள். தின்னரும் அசிட்டோனும் காரின் சொந்தப் பூச்சையும் சேர்த்து இளக்கிவிடும். பிளாஸ்டிக் விளக்கு மூடியில் பட்டால் மங்கிப்போகும்.

முதலில் சோப்பு நீரால் கழுவுங்கள். மண்ணோடு தேய்த்தால் கீறல் நிச்சயம். மெல்லிய தூறலுக்குக் ‘கிளே பார்’ எனப்படும் களிமண் கட்டியே போதும். அதைப் பிசைந்து தட்டையாக்கி, அதற்கான வழுக்கு திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்க்கோட்டில் நகர்த்துங்கள். விரலுக்கு உப்புத்தாள்போல் சொரசொரத்த இடம் கண்ணாடிபோல் வழுக்கத் தொடங்கும். களிமண்ணை அடிக்கடி மடித்துப் புதுப்பக்கத்தைக் காட்டுங்கள். தரையில் விழுந்தால் அதை எறிந்துவிடுங்கள். ஒட்டிய ஒரு மணல் போதும், கோடு போட்டுவிடும்.

திட்டாகப் படிந்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து ஒற்றியெடுங்கள். அதற்குமுன் கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஏறினாலோ பளபளப்பு குறைந்தாலோ அத்தோடு நிறுத்துங்கள்.

இத்தனையும் பழைய மெழுகையும் உரித்துவிடும். கழுவித் துடைத்து, அன்றே புதிதாக மெழுகு பூசுங்கள்.