பாலிசியைச் சரண்டர் செய்யும் முன் கேட்டு வாங்க வேண்டிய மூன்று தொகைகள்

தாராவியில் இட்லிக் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா, புதிய கடைக்கு டெபாசிட் கட்ட 60,000 ரூபாய் குறைந்ததால், ஆறு ஆண்டுகளாகக் கட்டி வந்த எண்டோமென்ட் பாலிசியை (ஆயுள் காப்பீடும் சேமிப்பும் சேர்ந்தது) சரண்டர் செய்ய, அதாவது முதிர்வுக்கு முன்பே ஒப்படைத்துப் பணம் வாங்க, படிவத்தை நிரப்பி எடுத்து வந்தார். சரண்டர் செய்தால் எவ்வளவு கிடைக்கும், பிரீமியம் கட்டுவதை மட்டும் நிறுத்திப் பெய்டு-அப் ஆக்கினால் எவ்வளவு, பாலிசியின் மீது கடன் வாங்கினால் எவ்வளவு என்ற மூன்று தொகைகளையும் எழுத்தில் பெறாமல் அந்தப் படிவத்தைக் கொடுக்க வேண்டாம் என்று தடுத்தேன்.

அவருடைய பாலிசி 20 ஆண்டுகளுக்கானது; காப்புத் தொகை 5,00,000 ரூபாய், ஆண்டுப் பிரீமியம் வரி நீங்கலாக 25,000 ரூபாய். கட்டியது 1,50,000 ரூபாய். நான்காம் ஆண்டு முதல் ஏழாம் ஆண்டு வரை உத்தரவாதமான சரண்டர் மதிப்பு கட்டிய பிரீமியத்தில் 50 சதவீதம் என்பதால், அவருக்கு 75,000 ரூபாயும் சேர்ந்த போனஸுக்கான சிறு தொகையும் வரும். நிறுவனம் தனியாகக் கணக்கிடும் சிறப்புச் சரண்டர் மதிப்பு அதைவிடக் கூடுதலாக இருந்தால் நிறுவனம் அதையே தர வேண்டும். ஆகவே இரண்டையும் கேட்க வேண்டும். பிரீமியத்தை நிறுத்திப் பெய்டு-அப் ஆக்கினாலோ, 20-இல் 6 பங்காகக் காப்புத் தொகை 1,50,000 ரூபாயாகச் சுருங்கி, சேர்ந்த போனஸுடன் முதிர்வின்போதோ இடையில் மரணம் நேர்ந்தாலோ கிடைக்கும். அவருடைய பாலிசியில் சரண்டர் மதிப்பில் 90 சதவீதம் வரை கடன் உண்டு. 67,500 ரூபாய் கடனே டெபாசிட்டுக்குப் போதுமானதாக இருந்ததால் அதையே வாங்கினார். வட்டியை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. பிரீமியமும் நின்றுபோய், கடனும் வட்டியும் சேர்ந்து சரண்டர் மதிப்பைத் தாண்டினால் பாலிசியே முடிந்துவிடும்.

பாலிசி எந்த ஆண்டு எடுத்தது என்பதையும் பத்திரத்தில் பாருங்கள். 2024 அக்டோபர் 1 முதல் புதிய விதிகளின்படி விற்கப்பட்டவற்றில், முழு ஓராண்டுப் பிரீமியம் கட்டி முதல் ஆண்டு முடிந்திருந்தாலே சரண்டர் மதிப்பு உண்டு. அதற்கு முந்தையவற்றில் பொதுவாக இரண்டு ஆண்டுகள், இன்னும் பழையவற்றில் மூன்று ஆண்டுகள் கட்டியிருக்க வேண்டும். பிரீமியத்தைச் சந்தையில் முதலீடு செய்யும் யூலிப் பாலிசியை ஐந்தாண்டுக்குள் நிறுத்தினால், பணம் ஐந்தாண்டு முடிந்த பிறகே கைக்கு வரும். சேமிப்பு இல்லாமல் காப்பீடு மட்டும் தரும் வெறும் டேர்ம் பாலிசியில் சரண்டர் செய்ய ஒன்றும் இல்லை.

சரண்டர்தான் என்று முடிவாகிவிட்டால், முதலில் புதிய டேர்ம் பாலிசி ஒன்றை எடுத்து, அதன் பத்திரம் கைக்கு வந்த பிறகே பழையதை விடுங்கள். நாற்பத்தைந்து வயதில் சர்க்கரை நோயுடன் மருத்துவப் பரிசோதனைக்குப் போகிறவருக்குப் பழைய பிரீமியத்தில் காப்பீடு கிடைக்காது; சில வேளைகளில் காப்பீடே கிடைக்காது.

மும்பைக்கு வந்து குடியேறியவர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. பாலிசியைத் திருநெல்வேலியில் எடுத்திருந்தால் அதன் சேவைக் கிளையும் அங்கேயே இருக்கும். வீட்டுக்கு அருகிலுள்ள கிளைக்கு மாற்றித் தரும்படி முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிட்டால் அலைச்சல் குறையும். கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விண்ணப்பத்தில் அன்று தமிழில் முழுப் பெயரை எழுதியவர், இன்று வங்கிப் பழக்கத்தில் ஆங்கிலத்தில் கிறுக்கினால், கவுண்டரில் படிவம் திரும்பி வரும். அசல் பத்திரம், அடையாளச் சான்று, பான் அட்டை, பெயர் அச்சிட்ட ரத்துக் காசோலை, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்திட்ட டிஸ்சார்ஜ் ரசீது (பணம் பெற்றதற்கான ரசீது) ஆகியவற்றுக்கு உங்களிடம் ஒரு நகல் வைத்துக்கொண்டு, கொடுத்ததற்குத் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டை வாங்குங்கள். வீட்டுக் கடனுக்காகப் பாலிசியை வங்கிக்கு அசைன்மென்ட் செய்திருந்தால் (உரிமையை எழுதிக் கொடுத்திருந்தால்), அதைத் திரும்ப உங்கள் பெயருக்கு மாற்றிய பிறகே சரண்டர் நடக்கும்.

ஏஜென்ட் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், கோயிலில் தினம் பார்க்கிற மாமாவாகவே இருந்தாலும், வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பழையதை விட்டுப் புதியது எடுங்கள் என்று அவர் சொன்னால், அந்தப் புதிய பாலிசியில் அவருக்கு முதல் ஆண்டுக் கமிஷன் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். போனஸ் காத்திருக்கிறது, சரண்டர் செய்யுங்கள் என்று தொலைபேசியில் அழைப்பவரிடம் பாலிசி எண்ணைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கில் வந்த தொகை எழுத்தில் தந்த தொகையைவிடக் குறைந்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கு மும்பையிலேயே அலுவலகம் உண்டு, ஒப்புகைச் சீட்டின் நகலையும் இணைத்து அனுப்புங்கள்.